முப்பது அடியில் மாரிகுப்பம் லைன்

1. முதல் நாள்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு இந்த வேலை தொடங்கியது. அந்த நிமிடத்தை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருவோர் படிப்பதற்காக இதை எழுதும்படி மேடம் கேட்டதால், குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பட்டறை காடுகோடியில், வைட்ஃபீல்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கட்டுமான நிறுவனங்கள் விற்கப்போகும் அடுக்ககங்களுக்கு மாதிரி செய்து தருவதே எங்கள் தொழில். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்தான் நான் லேபிள் எழுதுவதற்காகச் சேர்ந்திருந்தேன். நீச்சல் குளம், நடைபாதை, 'பி பிளாக்' ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி ஒட்டுவது என் வேலை. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ் படிப்பதால் எழுத்துப் பிழை வராது என்று நம்பி ஷைலஜா மேடம் என்னை எடுத்துக்கொண்டார். பட்டறை அவருடையது. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

அன்று வந்த வாடிக்கையாளரின் பெயர் பிரகாஷ். ஹெப்பகோடியில் ஒரு பழைய கோடவுனைக் குழந்தைகளுக்கான ரயில் காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். ஓடும் மாதிரி ரயில் ஒன்று அவருக்கு வேண்டும்.

"ஸ்விஸ் மலை, பனி, டனல் எல்லாம் வேண்டாம் மேடம். அதெல்லாம் டப்பாலயே வருது. நம்ம பக்கத்து நிஜமான லைன் ஒண்ணு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முழுசா இருக்கணும்."

"முழு லைனா? எடம் முப்பது அடிதான்னு சொன்னீங்க. மைசூர் லைனை முப்பது அடிக்குள்ள எப்படி சார் மடிக்கிறது?"

பக்கத்து மேசையில் லேபிள் வெட்டிக்கொண்டிருந்த நான், "எங்க லைன் இருக்கு மேடம்" என்றேன்.

"எங்க லைன்னா?"

"பங்காரப்பேட்டை – மாரிகுப்பம். நான் தினமும் வர்ற லைன். சின்னது. மாரிகுப்பத்தோட தண்டவாளம் முடிஞ்சிடும்."

மேடம் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினார். "எட்டு மாசத்துல இந்தப் பொண்ணு தானா வாயைத் திறந்தது இன்னிக்குத்தான் சார். இதையே எடுத்துக்கலாம்."

இவ்வாறு அந்த மாதிரி ரயில் அமைப்பின், எங்கள் வழக்கில் லேஅவுட்டின், வரைபடப் பொறுப்பு என்னிடம் வந்தது. பட்டறைக்கு அது முதல் ரயில் ஆர்டர். நவம்பர் கடைசி ஞாயிறன்று காட்சிக்கூடத் திறப்பு என்று தேதி குறிக்கப்பட்டது.

2. ஒன்றுக்கு எண்பத்தேழு

நாங்கள் எடுத்துக்கொண்டது எச்ஓ ஸ்கேல். உண்மையில் எண்பத்தேழு அடி இருப்பது மாதிரியில் ஓர் அடி. ஐந்தரை அடி உயர மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்குவார். ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர் நீளமுள்ள லைனை அந்தக் கணக்கில் அப்படியே செய்தால் நூற்றெண்பது மீட்டருக்கு மேல் போகும். எங்களிடம் இருந்தது ஒன்பது மீட்டர். ஆகவே இருபதில் பத்தொன்பது பங்கை விட்டுவிட வேண்டும். விட்டது தெரியவும் கூடாது.

ஆறடி நீளப் பலகைகள் ஐந்து என்று முடிவு செய்தோம். பங்காரப்பேட்டை ஒரு முனை, பிறகு கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மறுமுனை மாரிகுப்பம். ஒரு நிறுத்தத்தை முழுவதுமாகக் கைவிட வேண்டியிருந்தது. 

பலகைகளைச் செய்தவர் முபாரக் பாய். இருபது ஆண்டுகள் கதவு, ஜன்னல் செய்துவிட்டு எங்களிடம் வந்தவர். ஐந்து பலகைகளின் இரு முனைகளையும் ஒரே அச்சுப்பலகை வைத்து அறுத்தார். தண்டவாளம் எந்தப் பலகையிலும் முனையின் நட்ட நடுவில்தான் வந்து நிற்கும். ஊர்காமுக்கு முன்னால் லைன் வளைகிறது, அங்கே மட்டும் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

"நக்கோ மா, வேணாம். வளைக்கிறதை நடுவுல வளைச்சுக்கோ. முனை பராபரா, சரியா ஒரே எடத்துல இருக்கணும். நாளைக்கு ஒரு கதவு அந்த ரூமுக்குப் போவும், இந்த ரூமுக்கும் போவும். சட்டம் ஒண்ணா இருந்தா ஃபிகர் இல்ல, கவலையே வேணாம்."

எனக்கு அது பிடிவாதமாகத் தோன்றியது. குறிப்பேட்டில் 'மு. பாய் மறுக்கிறார்' என்று எழுதி வைத்தேன்.

என் ஆதாரம் என் ஜன்னல்தான். எங்கள் வண்டியில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு எழுதப்படாத இருக்கைகள் உண்டு. என்னைப்போல் மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் கைக்குட்டையோ செய்தித்தாளோ போட்டு, அடுத்தடுத்த நிலையங்களில் ஏறும் தங்கள் கூட்டத்துக்கு இடம் பிடித்து வைப்பார்கள். யார் இடத்திலும் யாரும் உட்காருவதில்லை. கல்லூரி நாளிலிருந்தே, நான்கு ஆண்டுகளாக என் இடம், பெங்களூர் நோக்கிப் போகையில் வலப்பக்க ஜன்னல். திரும்புகையில் இருட்டிவிடும், கண்ணாடியில் என் முகம் மட்டுமே தெரியும். எனவே காலை வெளிச்சத்தில், அந்த ஜன்னலிலிருந்து, ஒரு சுருள் காகிதத்தில் ஒவ்வொன்றாக வரைந்தேன்: சுவர், வேப்பமரம், மின்கம்பம், தொழிலாளர் லைன் வீடுகள், சயனைட் மேடு. ஆயிரத்துக்கு மேல் புகைப்படங்கள் எடுத்தேன்.

"மேப்போட செக் பண்ணினியாம்மா?" என்று மேடம் கேட்டார். பண்ணினேன் என்றேன். பண்ணியது உண்மை. தூரங்களைச் சரிபார்த்திருந்தேன். பக்கங்களைச் சரிபார்க்கவில்லை, அவை தெரியும் என்று நினைத்தேன்.

3. மேடு

சயனைட் மேடு என்பது எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கக் கல்லை அரைத்து, சயனைடால் பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். ஒரு நூற்றாண்டு கொட்டியதில் அது குன்றாகிவிட்டது. வெளிறிய சாம்பல் நிறம், அதில் கொஞ்சம் மஞ்சள். மழை அறுத்த வாய்க்கால்கள் உச்சியிலிருந்து அடிவரை கோடு கோடாக இறங்கும். அந்தக் கோடுகளைக் கத்தியால் செதுக்கினேன். சுத்தியலால் தட்டிய தகரம்போல் இருந்தது. மூன்று முறை செய்து மூன்று முறையும் பிய்த்தெறிந்தேன்.

நான்காம் முறை, நுரைப்பலகை அடுக்குகளின்மேல் நிறம் கலந்த பிளாஸ்டரைப் பூசி, அது இறுகும் முன், காது மருந்து டிராப்பரால் உச்சியில் தண்ணீர் விட்டேன். முதல் சொட்டு தயங்கி நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, தனக்கு ஒரு வழியைத் தேடிக்கொண்டு இறங்கியது. இரண்டாம் சொட்டு அதே வழியில் வந்து அதை ஆழமாக்கியது. நாற்பது ஐம்பது சொட்டுகளில் வழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அடியில் விசிறிபோல் விரிந்தன. நான் எதையும் வரையவில்லை. மழைக்குத் தெரிந்த வேலையை அந்தத் தண்ணீரும் அறிந்திருந்தது. அரைமணி நேரத்தில், ஒன்றரை அடி உயரத்தில், நான் பிறந்தது முதல் பார்த்துவரும் மேடு என் முன்னே நின்றது. டிராப்பரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றிருந்தேன்.

முபாரக் பாய் வந்து பார்த்துவிட்டு, "இதைத் தொடாதே மா, காயட்டும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

4. வீடியோ

திறப்புக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை, ஐந்து பலகைகளையும் பட்டறையிலேயே இணைத்து முதன்முறையாக வண்டியை ஓட்டினோம். மாரிகுப்பத்தில் புறப்பட்டுப் பங்காரப்பேட்டை சேர எழுபது நொடி. மேடம் கைபேசியில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை வண்டியில் அதைக் கூட்டத்துக்குக் காட்டினேன். நான் எதையும் எடுத்துக் காட்டுகிற வழக்கமில்லாதவள் என்பதால் எல்லோரும் எழுந்து வந்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் வைட்ஃபீல்டில் எலக்ட்ரீசியன்; எனக்கு எதிரே, அதே பக்க ஜன்னல். விமலா அக்கா கன்டோன்மென்ட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், சாம்பியனில் ஏறுகிறவர். திறப்பு நாளில் அனைவரும் ஹெப்பகோடிக்கு வருவதாக ஏற்கெனவே பேச்சு.

"இன்னாடி யசோ, இம்மாம் வேலை பண்ணிக்கினு வாயத் தொறக்காம வந்துனு இருந்தியா?" என்றார் ஆரோக்கியம் அண்ணன். "மேட்டப் பாரு. அச்சு அசலா கீது."

விமலா அக்கா கைபேசியை வாங்கி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"இந்த வண்டி எங்க போவுது?"

"பெங்களூருக்குக்கா."

"அப்போ தப்பு."

"இன்னா தப்பு?" என்றார் அண்ணன். "தெனம் பாக்கற மாதிரியே கீது."

"எங்க வீடு மேட்டாண்டதான? லீவு நாள்ல வாசல்ல உக்காந்து கீரை ஆய்வேன். நீங்கள்லாம் வண்டில சோத்துக்கைப் பக்கமா போவீங்க. இதுல பீச்சாங்கைப் பக்கமா போறீங்க."

"ஏய், பன்னெண்டு வருசமா இந்த ஜன்னல்ல கீறேன். பங்காரப்பேட்டை எனக்குப் பீச்சாங்கைப் பக்கம்தான்."

"நீ உள்ள கீற. நான் வெளிய கீறேன்."

அதன்பின் பெட்டியில் நடந்த வாக்குவாதத்தை நான் கேட்கவில்லை. இடப்பக்க ஜன்னல்காரர்கள் விமலா அக்காவோடும் வலப்பக்கத்தார் அண்ணனோடும் சேர்ந்துகொண்டதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரயிலுக்குள்ளே உட்கார்ந்து பார்த்த வரிசையை, ரயிலுக்கு வெளியே நிற்கிறவருக்கு முன்னால் அப்படியே விரித்து வைத்திருக்கிறேன். வெளியே நிற்பவர் ரயிலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். அவருக்கு இடமும் வலமும் மாறும். மேடு, வீடுகள், நிலையங்கள் ஒவ்வொன்றும் துல்லியம். மொத்த லைனும் கண்ணாடியில் தெரியும் லைன்.

5. சாம்பியனில் ஒரு வாசல்

மேடத்திடம் சொல்வதற்கு முன் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை விமலா அக்காவுக்கு விடுப்பு. விடிவதற்குள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நான்கு ஆண்டுகளில் என் வண்டியை நானே தவறவிட்டது அன்று ஒரு நாள்தான்.

சத்தம் முதலில் காலுக்குத் தெரிந்தது. பிறகு வண்டி வந்தது. உள்ளே இருக்கையில் அது ஒரு பலகை இருக்கை, ஒரு ஜன்னல், ஆறேழு முகங்கள். வெளியே, அது வானத்தின் ஒரு ஓரத்தை மறைத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒருவர். ஒருவருடைய தலை சாய்ந்திருந்தது. இன்னொருவர் பின்னலை முடிந்துகொண்டிருந்தார். இத்தனை காலைகளாக இத்தனை பேரை இது சுமந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை. என் இடத்தில் யாருமில்லை. எனக்காக யாரோ போட்ட கைக்குட்டை மட்டும் கிடந்திருக்கும். வண்டி என் வலது கைப்பக்கம் போய் மறைந்தது.

"பாத்தியா?" என்றார் அக்கா. "டீ குடிச்சிட்டுப் போ."

6. மலை நகராது

அடுத்த வண்டி பிடித்துப் பட்டறைக்குப் போனபோது பத்தரை. உண்மையில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிரகாஷ் அவர்கள் அந்த லைனில் ஒருமுறைகூடப் போனவரில்லை. குழந்தைகள் கைதட்டுவார்கள். சொல்லாவிட்டால் கூலியும் பெயரும் பட்டறைக்கு வந்துசேரும். சொன்னால், எட்டு நாளில் முடியாத வேலையை மேடத்தின் தலையில் வைத்தவள் ஆவேன்; லேபிள் மேசைகூட மிஞ்சாமல் போகலாம்.

நின்றபடியே சொன்னேன். மேடம் கேட்டார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"அந்த வண்டியில வர்றவங்களுக்கு மேடம்."

"எல்லாருக்குமா?"

"இல்ல. பாதிப் பேருக்கு. மீதிப் பேர் சரியா இருக்குன்னு சொல்றாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வரவில்லை. "நிஜமான லைன்னு கேட்டாரு. நிஜமான லைன்னு கொட்டேஷன் கொடுத்திருக்கேன். ஏன் முதல்லயே வெளிய நின்னு பாக்கல?"

"தோணல மேடம்."

"அதுதான் எனக்குக் கோபம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு முபாரக் பாயைக் கூப்பிட்டார்.

பாய் லேஅவுட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். திரும்பி நடந்தார். ஊர்காம் பலகையைத் தட்டினார்.

"இது நடுவுல கீது. இது இங்கயே இருக்கட்டும். சாம்பியனை அங்க போடு, கோரமண்டலை இங்க போடு. முனை எல்லாம் ஒரே சட்டம்தானே? நிக்கும்."

தண்டவாளம் எல்லாப் பலகையிலும் நடுவில் வந்து முடிவதால், பலகைகளின் வரிசையை மாற்றினாலும் இணைப்பு பொருந்தும். வரிசை தலைகீழானால் பங்காரப்பேட்டை வலது முனைக்கு வந்துவிடும். நான் இரண்டு அங்குலம் தள்ளச் சொல்லி, அவர் மறுத்த அதே முனைகள். குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அவரிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "அரே, எழுதி வேற வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு உளியை எடுத்தார்.

இரண்டு கடைசிப் பலகைகளும் அப்படி மாறாது. மாரிகுப்பத்தில் ஒரு பக்கமும் பங்காரப்பேட்டையில் மறுபக்கமும் எங்கள் தண்டவாளம் முடிந்துவிடுவதால், அவ்விரண்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். நடு மூன்றில், ஒவ்வொரு பலகைக்குள்ளும் பொருள்கள் இடம் மாற வேண்டும். கட்டடங்கள் ஆணியில் குத்தியிருந்ததால் பெயர்ந்தன. சாம்பியன் மேடு மட்டும் பலகையோடு ஒட்டிப்போயிருந்தது. அது நிலையத்தின் இடப்பக்கம் இருக்க வேண்டும், வலப்பக்கம் இருந்தது. அதை உடைக்கத்தான் வேண்டும் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பஹாட் நகராது மா," என்றார் பாய். "ஸ்டேஷன் நகரும்." பிளாட்பாரத்தை ரம்பத்தால் பெயர்த்து மேட்டின் மறுபக்கம் கொண்டுபோய் வைத்தார்.

7. அந்தப் பக்கம்

தண்டவாளத்துக்குப் பின்னால், என் ஜன்னலுக்கு எதிர்ப்புறம், நான் வெறும் மரங்களை வரைந்து வைத்திருந்தேன். அந்த வாரம் இடப்பக்க ஜன்னல்காரர்களிடம் சுருள் காகிதத்தைக் கொடுத்தேன். மறுத்தவர் எவருமில்லை. மழைக்காலத்தில் நீர் தேங்கி, கொக்குகள் இறங்கும் ஒரு பழைய குழி இருக்கிறது என்றார்கள். ஒரு பள்ளியின் நீலச் சுவர் இருக்கிறது என்றார்கள். சாய்ந்த பனைமரம் ஒன்று எந்தக் கம்பத்துக்குப் பிறகு வரும் என்பதில் இருவர் சண்டையிட்டு, மறுநாள் எண்ணிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். சில அடி தூரத்தில், அதே வேகத்தில், இன்னொரு லைன் நான்கு ஆண்டுகளாக என் முதுகுக்குப் பின்னால் ஓடியிருக்கிறது.

புதிதாக வருவோர்க்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். நன்றாகத் தெரிந்த இடத்தைச் செய்யும்போது அளவுகளைவிட அதிகமாக உங்கள் இருக்கையைச் சந்தேகியுங்கள். பார்ப்பவர் எங்கே நிற்பார் என்பதை வரைபடத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.

8. திறப்பு

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு லேஅவுட் ஹெப்பகோடியில் பொருத்தப்பட்டது. மாரிகுப்பத்தில் மரங்களுக்குப் பசை முழுவதும் காயவில்லை. பிரகாஷ் அவர்களிடம் மேடமே நடந்ததைச் சொன்னார். அவர், "அப்போ இப்ப சரியா?" என்று கேட்டார். "சரி" என்றார் மேடம். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஞாயிறு காலை எங்கள் வண்டிக் கூட்டம் வந்தது. ஆரோக்கியம் அண்ணன் மனைவியையும் மகளையும் அழைத்து வந்திருந்தார். நான் சுவரோரம் நின்றேன். வண்டியை இன்னும் ஓட்டவில்லை. அவர்கள் லேஅவுட்டைப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்ந்தார்கள். ஒருவரையொருவர் தள்ளிவிட்டு இடம் மாறினார்கள். சற்று நேரத்தில் அசைவு நின்றது. அப்போது கவனித்தேன். மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் இடது கோடியில் நின்றார்கள். அடுத்து சாம்பியன்காரர்கள், நடுவில் ஊர்காம், பிறகு கோரமண்டல். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவரவர் நிலையத்துக்கு முன்னால் அவரவர் போய் நின்றிருந்தார்கள், தினமும் வண்டிக்கு நிற்பதுபோல். ஆரோக்கியம் அண்ணன் கைகூட வழக்கம்போலப் பையைப் பிடித்திருந்தது.

மேடம் சுவிட்சைப் போட்டார். வண்டி மாரிகுப்பத்தில் புறப்பட்டது. அதைத் தொடர்ந்து தலைகள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் திரும்பின.  இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களையும் அவர்கள்முன் நின்ற முழு மனிதர்களையும் பார்த்தேன். எனக்கு எதுவும் எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை.

வண்டி பங்காரப்பேட்டையில் நின்றதும் விமலா அக்கா சாம்பியனைக் குனிந்து பார்த்தார்.

"சோத்துக்கைப் பக்கம் போவுது," என்றார். "ஆனா எங்க வாசப்படிக்கு மூணு படி. நீ ரெண்டுதான் வெச்சிருக்க."

"மாத்திடறேன்கா."

"மாத்து."

மேடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம் ஒரு வரைபடக் குழாயை நீட்டினார். உள்ளே, வைட்ஃபீல்டில் கட்டப்போகும் அடுக்ககத்தின் வரைபடம்; அதற்கு மாதிரி செய்ய வேண்டும். இதுவரை அவர் மட்டுமே செய்த வேலை. "நாளைலேர்ந்து லேபிளுக்கு வேற ஆள் பாக்கணும்" என்றார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பட்டறையைத் திறந்தேன். வரைபடத்தை மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் எடை வைத்தேன். பென்சிலை எடுக்கவில்லை. மேசையைச் சுற்றி மறுபக்கம் போய் நின்று பார்த்தேன்.